ஐந்தரை மணி நேரப் பதிவு

கம்ப்யூட்டர் மேசையை நகர்த்தினால்தான் பெட்டி உள்ளே வரும் என்று பெட்டிக்காரர் சொல்லிவிட்டார். குளிர்பெட்டியின் ஒரு முனை வாசலுக்குள்ளும் மறுமுனை மாடிப்படியிலுமாக நிற்க, அதைத் தாங்கிப் பிடித்திருந்த இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு அவனைப் பார்த்தார்கள். அவன் ரயிலிலிருந்து இறங்கி வீடு வந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. தோள்பையைக் கழற்றாமலே மேசையின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். கீழ்வீட்டுத் தையற்காரர் மறுபக்கத்தைப் பிடித்தார்.

"மெதுவா தம்பி. சுவத்துல இடிக்கப் போகுது."

மேசை குலுங்கியதில் மவுஸ் அசைந்து, காலையிலிருந்து கறுத்துக் கிடந்த திரை வெளிச்சமாயிற்று.

திரையில் ஒரு சிவப்புப் புள்ளி விட்டுவிட்டு மின்னியது. பக்கத்தில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. 5:26:11. 5:26:12. 5:26:13. அடியில் பச்சைக் கோடு ஒன்று. தையற்காரர் "இன்னும் கொஞ்சம் உள்ளே" என்றபோது அது எம்பித் தணிந்தது.

அவனுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. காலை ஒன்பதரை மணிக்குப் படிக்க உட்கார்ந்த அம்மா பதிவை நிறுத்தாமலே போய்விட்டாள். அக்கா வந்து பார்த்ததும், தையற்காரரைக் கூப்பிட்டதும், இருவருமாக அவளை நாற்காலியிலிருந்து தூக்கிக் கட்டிலில் கிடத்தியதும், டாக்டர் வந்து கையெழுத்துப் போட்டதும், ஒவ்வொருவராக வந்து அழுததும் எல்லாம் இதற்குள் போயிருக்கிறது. ஹெட்போனைக் கழற்றித் திரையின் மூலையில் மாட்டியவர்கள்கூடக் கறுப்புத் திரையைக் கண்டு மெஷின் அணைந்திருக்கிறது என்றே நினைத்திருப்பார்கள். 'அஞ்சு நிமிஷம் யோசிச்சா இது தூங்கிப்போயிடுதுடா' என்று அம்மா குறைப்பட்டபோது, மெஷின் தூங்கவே கூடாது, திரை மட்டும் அணையட்டும் என்று அமைத்துக் கொடுத்தது அவன்தான்.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினான். 'பதிவைச் சேமிக்கவா?' என்று கேட்டது.

"தம்பி, அந்த பிளக்கைப் பிடுங்குங்க. பெட்டிக்கு அந்தப் பாயின்ட்தான் வேணும்" என்றார் பெட்டிக்காரர்.

"ஒரு நிமிஷம்."

"கை விட்டுப்போகுதுங்க."

சேமி என்பதை அழுத்தினான். பெயர் கேட்டது; அன்றைய தேதியை அடித்தான். மெஷின் முறையாக அணைகிறவரை காத்திருந்தான். பெட்டியைத் தாங்கியவர்களில் ஒருவர், "பொணத்தைவிட இவனுக்கு கம்ப்யூட்டர் பெருசாப் போச்சு" என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது. அவன் பிளக்கைப் பிடுங்கினான். பெட்டி உள்ளே வந்தது.

வந்தவர்களுக்கெல்லாம் அக்கா ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அழுகை ஓய்ந்து தொண்டை கட்டிப்போயிருந்தது.

"மூச்சுக்கு அடிக்கிற ஸ்ப்ரே தீர்ந்துபோற மாதிரி இருந்துச்சு. மருந்துக்கடை இதோ, தெரு முனையிலதான். போயிட்டு வர பத்து நிமிஷம். பத்தே நிமிஷம். வந்து பார்த்தா தலை சாய்ஞ்சு கெடக்கு."

"தூக்கத்துலயே போயிருக்காங்க. புண்ணியவதி" என்றாள் எதிர்வீட்டம்மா.

"பத்து நிமிஷம்தான்" என்றாள் அக்கா மறுபடியும், யாரோ இல்லையென்று சொன்னதுபோல.

அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள். தெருவில் அவளுக்கு டெலிபோன் அம்மா என்றே பெயர். ஊருக்கு ஊர் லைன் போட்டுக் கொடுத்த காலத்தில், அவள் குரலைக் கேட்பதற்காகவே தவறான எண்ணைக் கேட்டவர்கள் உண்டென்று அவளே சொல்லிச் சிரிப்பாள். ஓய்வுபெற்ற பிறகு அந்தக் குரலுக்கு வேறு வேலை கிடைத்தது. பார்வையில்லாத மாணவிகள் தங்கிப் படிக்கும் விடுதி ஒன்றுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்யத் தொடங்கினாள். வரலாறு, பொருளாதாரம், ஒருமுறை தேனீ வளர்ப்பு. ஒரு புத்தகம் முடிந்ததும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிடுவாள். முடிகிறவரை எல்லாம் அந்தப் பழைய கம்ப்யூட்டரில்தான் இருக்கும். மூன்று வருஷமாக நுரையீரல் சுருங்கிக்கொண்டு வந்தது. பேச்சைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். 'ஊருக்கே லைன் குடுத்தவளை லைனை கட் பண்ணிக்கச் சொல்றார் பாரு' என்று அவனிடம் போனில் சொன்னாள்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் அவன் வேலை விஷயமாக இரண்டு நாள் இங்கே வந்திருந்தான். வேலை என்றால், பெரிய நிறுவனங்களின் தகவல்களை மூன்று வெவ்வேறு இடங்களில் நகலெடுத்துப் பாதுகாக்கிற வேலை. அப்போதுதான் அம்மா, "டேய், இது ஆமையாட்டம் போகுதுடா. தட்டினா, நான் போய் காபி போட்டுக் குடிச்சிட்டு வந்த பிறகுதான் எழுத்து வருது" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா, சுத்தமா அழிச்சிட்டுப் புதுசா போட்டா பறக்கும். ரெண்டு மணி நேர வேலை."

போட்டோக்களை எடுத்து வைத்தான். அம்மா எழுதிய கடிதங்களை எடுத்து வைத்தான். காதில் அலுவலக மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது. எங்கேயோ ஒரு சர்வர் விழுந்துவிட்டதென்று ஆறு பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். ஈரக் கையைத் துடைத்தபடி அம்மா பக்கத்தில் வந்து நின்று என்னவோ கேட்டாள். "இருக்கும்மா, இருக்கும்" என்றான். அழித்தான். புதிதாகப் போட்டான். மெஷின் பறந்தது. அம்மாவும் கை தட்டினாள்.

அன்று மாலை ரயில் நிலையத்தில் இருந்தபோது அவளிடமிருந்து போன் வந்தது. "டேய், அந்தப் பாடமெல்லாம் எங்க இருக்குன்னு…" என்று ஆரம்பித்தாள். "ரயில் ஏறிட்டிருக்கேம்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்றான். கூப்பிடவில்லை. அவளும் அதைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதால் அவனும் மறந்துவிட்டான்.

நாலரை மணிக்கு அந்த விடுதியிலிருந்து ஒரு பெண் வந்தாள். சட்டம் படிக்கிறவள். விடுதித் தோழி ஒருத்தி முழங்கையைப் பிடித்து அழைத்துவந்தாள். படியேறும்போது கோலை மடக்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பெட்டியின் கண்ணாடி மேல் உள்ளங்கையை வைத்தவள், குளிரில் சட்டென்று எடுத்து, பிறகு மறுபடியும் வைத்தாள்.

"அம்மாவோட பையனா சார் நீங்க? உங்களைப் பத்தி நிறைய சொல்வாங்க. கம்ப்யூட்டர்ல பெரிய ஆளுன்னு."

அவன் தலையாட்டினான். அவளுக்குத் தெரியாது என்பது உறைக்க, "ஆமா" என்றான்.

"எனக்கு அவங்க முகம் தெரியாது சார். குரல் மட்டும்தான். கமா வர்ற இடத்துல ஒரு சின்னச் சிரிப்பு இருக்கும். சட்டப் புத்தகத்தைப் படிக்கும்போதுகூட." அவள் கண்ணாடியை ஒருமுறை தடவினாள். "பாவம், ஒரே புத்தகத்தை ரெண்டு தடவை படிக்க வேண்டியதாப் போச்சு அவங்களுக்கு."

"ரெண்டு தடவையா?"

"சொல்லலையா உங்ககிட்ட? முதல் தடவை ஐந்நூத்து எண்பது பக்கம் வரைக்கும் முடிச்சிட்டாங்க. மெஷின் கோளாறுல எல்லாம் போயிடுச்சாம். நான் வேண்டாம்மா, வேற யாரையாவது படிக்கச் சொல்லிக்கறேன்னேன். கேக்கவே இல்லை. என் மெஷின், நான்தான் பொறுப்புன்னுட்டு முதல் பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சாங்க. ரெண்டாவது தடவை படிச்சதை அப்பப்ப போன்ல போட்டுக் காட்டுவாங்க. மூச்சு வாங்குறது நல்லாவே கேக்கும் சார். நிறுத்திட்டு, சாரி கண்ணுன்னு சொல்லிட்டுத் திரும்ப ஆரம்பிப்பாங்க."

பெட்டியின் மோட்டார் ஒரு செருமலுடன் நின்று மீண்டும் ஓடத் தொடங்கியது. அவன் நிமிர்ந்தபோது, எதிரே சுவரோரம் உட்கார்ந்திருந்த அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் ஆச்சரியம் இல்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஈரக் கையைத் துடைத்தபடி அம்மா என்ன கேட்டாள் என்பது, ஐந்து மாதம் கழித்து, அந்த இடத்தில் வைத்து அவனுக்கு நினைவுக்கு வந்தது. 'நான் படிச்சு வெச்சதெல்லாம் அப்படியே இருக்கும்ல?'

வண்டி ஐந்தரைக்கு வந்தது. ஏழு மணிக்கெல்லாம் எல்லாம் முடிந்து, வாடகை நாற்காலிகளை அடுக்கி எடுத்துப் போய்விட்டார்கள்.

மறுநாள் அக்கா கட்டில் விரிப்புகளை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் கதவோரம் நின்று கேட்டான்.

"ஏன்க்கா என்கிட்ட சொல்லலை?"

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காதே."

அக்கா தலையணை உறையை உருவினாள். "யார் சொல்றது? எப்ப சொல்றது? நீ போனை எடுத்தாத்தானே. எடுத்தாலும், சொல்லுக்கா சீக்கிரம்பே."

"இதைச் சொல்லியிருக்கலாம். அன்னிக்கே சொல்லியிருந்தா மீட்டிருக்கலாம்க்கா. அழிச்சாலும் உடனே போயிடாது. அது மேல வேற எதையும் எழுதாம இருந்தா…"

"அவ எழுதினாளே. அதே மெஷின்ல, அதே இடத்துல, முதல் பக்கத்துலேர்ந்து. நீ ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள ஆரம்பிச்சிட்டா." உறையைக் கீழே போட்டாள். "அன்னிக்கு ராத்திரியே எனக்குத் தெரியும். வாயைத் திறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினா. அவன் மனசு ஒடிஞ்சிடும், பாவம், ஓய்வில்லாம ஓடறவன்னு. நான் இங்க ஒம்பது வருஷமா ஓடறேன், என் மனசு இரும்பு. இப்ப அவ இல்லை, அதனால சொல்றேன், கேட்டுக்கோ. பேசாதீங்கன்னு டாக்டர் சொன்னவளை, ஐந்நூறு பக்கம் திரும்பப் படிக்க வெச்சவன் நீ. படிச்சுப் படிச்சுத்தான் செத்தா."

அவன் கீழே கிடந்த உறையை எடுத்துக் கட்டில் மேல் வைத்தான்.

அன்றைய பகல் முழுக்க அந்த மெஷினின் முன்னால் உட்கார்ந்தான். அலுவலகத்தில் பயன்படுத்துகிற மீட்பு மென்பொருளைப் போட்டு, பழைய பதிவுகளின் தடம் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று துழாவினான். நாலு மணி நேரம் துழாவியதில் பெயர் மட்டும் இருந்து உள்ளே ஒன்றுமில்லாத கோப்புகள் பதினான்கு கிடைத்தன. பதினைந்தாவதாக ஏழு விநாடி ஓடுகிற ஒன்று. அதில் அம்மா "ஆகவே" என்று மட்டும் சொன்னாள். மீதி இரைச்சல்.

அக்கா பின்னால் வந்து நின்றது தெரியவில்லை.

"அந்தப் பொண்ணோட ஹாஸ்டலுக்கு இந்த மெஷினைக் குடுத்துடு" என்றாள். "எனக்கு இது இந்த மூலையில இருக்க வேண்டாம். பாடத்தை மட்டும் எடுத்து வெச்சிட்டு, எல்லாத்தையும் அழிச்சுக் குடு. உனக்குத்தான் நல்லா வருமே."

மூன்றாம் நாள் காலை, அக்கா துணி துவைக்க மொட்டைமாடிக்குப் போன பிறகு, தேதியைப் பெயராகக் கொண்ட அந்தக் கோப்பைத் திறந்தான். பாடத்தைத் தனியாக வெட்டி எடுக்க வேண்டும். எங்கே வெட்டுவது என்று தெரிய வேண்டுமென்றால் கேட்டாக வேண்டும். ஹெட்போனைப் போட்டுக்கொண்டான். காதுப் பஞ்சில் அம்மாவின் தலை எண்ணெய் வாசனை இருந்தது.

நாற்காலி இழுபடும் சத்தம். ஒரு செருமல். "அத்தியாயம் முப்பத்தொன்று. வழி உரிமை. பக்கம் ஐந்நூற்று நாற்பத்திரண்டு."

குரல் பழைய குரல்தான். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும், மாடிப்படியில் சுமையை இறக்கி வைத்து நிற்பவள்போல ஒரு நிற்றல். "ஒருவருடைய நிலத்தின் வழியே மற்றொருவர் நெடுங்காலம் தடையின்றி நடந்து வந்திருந்தால்… சாரி கண்ணு… நடந்து வந்திருந்தால், அவ்வழியை அடைக்கும் முன்…" இடையில் "இந்த இடம் முக்கியம்னு அடிக்கோடு போட்டிருக்கு. ரெண்டு தடவை படிக்கிறேன், கேளு" என்றாள். இரண்டு தடவை படித்தாள். கமாவில் சிரிப்பு இருந்தது. அந்தப் பெண் சொல்லும்வரை அவன் அதைக் கவனித்ததே இல்லை.

இருபத்து நாலாவது நிமிடத்தில் அக்காவின் குரல் தூரத்தில் கேட்டது. "அம்மா, ஸ்ப்ரே வாங்கிட்டு வந்துடறேன். பத்து நிமிஷம்."

"மெதுவா வா. நடுவுல பேசாதடி பாப்பா, எல்லாம் இதுல விழுது." சிரிப்பு. கதவு சாத்தும் சத்தம்.

மீண்டும் பாடம். கீழ்வீட்டில் தையல் மெஷின் ஓட ஆரம்பித்தது. நாற்பத்தேழாவது நிமிடத்தில், "எனினும், அவ்வழியை" என்று தொடங்கிய வாக்கியம் பாதியில் நின்றது.

காத்திருந்தான். சாரி கண்ணு வரவில்லை. மேசை இழுப்பறை திறக்கும் சத்தம். ஸ்ப்ரேயை அழுத்தும் சத்தம், காற்று மட்டும். மறுபடி. மறுபடி. பிறகு, "பாப்பா."

சமையலறையில் இருப்பவளிடம் தண்ணீர் கேட்கிற குரலில்தான் முதலில் கூப்பிட்டாள். அடுத்தது கொஞ்சம் உரக்க. "பாப்பா, வந்துட்டியா?" அடுத்தது மூச்சோடு சேர்ந்து வந்தது. பிறகு அந்தப் பெயரின் முதல் எழுத்து மட்டும். டம்ளர் ஒன்று விழுந்து உருண்டது. ஆறு தடவை கூப்பிட்டிருந்தாள். அவனைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் காதில் விழுகிற தூரத்தில் அவன் இருந்து பல வருஷமாயிற்று.

பிறகு மூச்சு மட்டும் கேட்டது. அவன் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது ஐம்பத்தெட்டாவது நிமிடம்வரை இருந்தது. கீழே தையல் மெஷின் ஓடுவதும் நிற்பதும் ஓடுவதுமாக இருந்தது. அதன் பிறகு மின்விசிறி. வேறொன்றுமில்லை. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. யாரும் இல்லாத அறையை இருபத்தொரு நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

1:19:22-இல் பூட்டு திறந்தது. செருப்பைக் கழற்றும் சத்தம். அக்காவின் குரல், கொஞ்சம் அவசரமாக, தயாராக: "கடையில ஒரே கூட்டம்மா, அதான்…"

அங்கே நிறுத்தி ஹெட்போனைக் கழற்றினான்.

ஐம்பத்தைந்து நிமிடம். கழித்துப் பார்க்கத் தேவையில்லை; இருந்தும் காகிதத்தில் எழுதிக் கழித்தான். பத்து நிமிடத்தில் திரும்பியிருந்தால், புது ஸ்ப்ரேயோடு வந்து, அம்மா படித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போயிருப்பாள். முதல் கூப்பிடலுக்கே ஓடி வந்திருப்பாள்.

நேற்று அக்கா கேட்டதற்கெல்லாம் சேர்த்துச் சொல்ல இப்போது அவனிடம் பதில் இருந்தது. அவள் சொன்னதைவிடக் கனமான பதில். குரலோடு, நேரத்தோடு, மறுக்கவே முடியாத பதில். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அவன் வாயைக்கூடத் திறக்க வேண்டியதில்லை.

மொட்டைமாடியிலிருந்து வாளியோடு இறங்கிய அக்கா, ஹாலுக்குள் வராமல் கதவருகிலேயே நின்றுவிட்டாள். புடவை முந்தானை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மேசை மேல் கிடந்த ஹெட்போனையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கேட்டுக்கிட்டிருந்தியா?"

"ம்."

"அதுல… கடைசி நாள் படிச்சது இருக்கா?"

வாளியை அவள் இன்னும் கீழே வைக்கவில்லை. கைப்பிடிக் கம்பி விரல்களில் பதிந்து, விரல் நுனிகள் வெளுத்திருந்தன. வயது நாற்பத்தாறு. நெற்றியோரம் நரை. அம்மாவுக்கு இவள் பாப்பா. அந்த வார்த்தை அவன் நாக்கு நுனிவரை வந்திருந்தது.

"இருக்கு" என்றான். "கொஞ்ச நேரம் படிச்சிருக்கா. அப்புறம் அவளே ஆஃப் பண்ணிட்டா."

"ஆஃப் பண்ணினாளா?"

"ஆமா. களைப்பா இருந்திருக்கும். சாஞ்சு படுக்கலாம்னு நெனச்சிருப்பா. தூக்கத்துலதான் போயிருக்கணும்க்கா."

"நல்லாப் பார்த்தியா?"

"எனக்கு இதுதானே வேலை."

அக்கா வாளியைக் கீழே வைத்தாள். தரையில் தண்ணீர் தளும்பிச் சிந்தியது. துடைக்கத் துணி எடுக்காமல், அந்த ஈரத்தின் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நான் அன்னிக்கு நேரா வரலைடா" என்றாள். "மருந்து வாங்கிட்டு பஸ் ஸ்டாப்புல போய் உட்கார்ந்தேன். சும்மாத்தான். எந்த பஸ்ஸுலயும் ஏறலை. நாலஞ்சு பஸ் போச்சு. எல்லாரும் ஏறிப் போறதைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் இல்லை… தெரியலை, எவ்வளவு நேரம்னு நான் பார்க்கலை."

"உட்கார வேண்டியதுதானே" என்றான் அவன். "ஒம்பது வருஷத்துல நீ வேற எங்க உட்கார்ந்தே."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவன் எழுந்து போய்த் துணி எடுத்துவந்து தரையைத் துடைத்தான்.

பிற்பகல் முழுக்க வேலை இருந்தது. முதல் அத்தியாயத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து, தொடக்கம், நடு, முடிவு மூன்றும் ஓடுகின்றனவா என்று கேட்டுப் பார்த்து நகலெடுத்தான். இரண்டு பென் டிரைவில். தன் லேப்டாப்பில். எண்ணிக்கை சரிதானா என்று இரண்டு முறை பார்த்தான். காகிதத்தில் எழுதி டிக் போட்டான். முப்பத்தொன்றாம் அத்தியாயத்தை நாற்பத்தேழாவது நிமிடத்தில், கடைசி முழு வாக்கியத்தின் முற்றுப்புள்ளிக்குப் பிறகு வெட்டினான். இருபத்து நாலாவது நிமிடத்தில் அக்கா பேசுவதையும் அம்மா சிரிப்பதையும் என்ன செய்வதென்று யோசித்தான். பத்து நிமிஷம் என்ற வார்த்தை அதில் இருந்தது. கதவு சத்தத்தோடு சேர்த்து அதையும் எடுத்தான். ஒட்டிய இடம் தெரியவில்லை. வேலை சுத்தமாக இருந்தது.

முழுப் பதிவும் இன்னும் இருந்தது. ஐந்து மணி இருபத்தாறு நிமிடம். அம்மாவின் குரல் என்று உலகத்தில் இருப்பதில் கடைசி. தனக்கு மட்டுமாக, யாருக்கும் தெரியாத ஒரு மூலையில் வைத்துக்கொள்ளலாம். அந்த எண்ணம் வந்து பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தது. வைத்தால் என்றைக்காவது கேட்பான். கேட்டால் என்றைக்காவது, ஏதோவொரு சண்டையில், சொல்லிவிடுவான்.

வெறுமனே அழித்தால் போகாது என்பது அவனுக்குத் தெரியும். விடுதியில் அவனைப்போல வேலை தெரிந்தவர் யாராவது ஒரு பகல் உட்கார்ந்தால் தோண்டி எடுத்துவிடலாம். அதனால் வேறொரு பென் டிரைவிலிருந்து மெஷினைக் கிளப்பி, ஹார்ட் டிஸ்க் முழுவதன் மேலும் ஒன்றுமில்லாததை எழுதுகிற கட்டளையைத் தேர்ந்தெடுத்தான். 'எல்லாத் தகவல்களும் நிரந்தரமாக அழிக்கப்படும். மீட்க இயலாது. தொடரவா?'

ஐந்து மாதத்துக்கு முன்னால் இதே கேள்விக்கு, மீட்டிங்கில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டே, படிக்காமல் அழுத்தியிருந்தான். இந்த முறை படித்தான். ஒவ்வொரு சொல்லாகப் படித்தான். உள்ளே கட்டில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்த அக்கா, "என்னடா ஆச்சு, நின்னுபோச்சா?" என்று கேட்டாள்.

"இல்லை. ஓடுது" என்று சொல்லிவிட்டு அழுத்தினான்.

பழைய மெஷின், மெதுவாகத்தான் போயிற்று. ஒரு சதவீதம். இரண்டு சதவீதம். வெயில் ஜன்னலிலிருந்து இறங்கி மேசைக் காலுக்கு வந்தது. முடிந்த பிறகு புதிதாகப் போட வேண்டும்; திரையில் உள்ளதைப் படித்துச் சொல்கிற மென்பொருளையும் சேர்த்துப் போட்டால் அந்தப் பெண்ணுக்கு உதவும் என்று நினைத்தான். அந்த மென்பொருளின் குரல் எப்படியிருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். அதில் யாரும் மூச்சு விடுவதில்லை.

விடுதிக்குப் போன் செய்தான். "கடைசி அத்தியாயம் பாதியில நிக்குதும்மா. அவ்வளவுதான் படிச்சிருக்காங்க" என்றான். மறுமுனையில் அந்தப் பெண், "பரவாயில்லை சார். எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். சொன்னான்.

நாற்பது சதவீதம் ஆனபோது அக்கா இரண்டு டம்ளர் டீயோடு வந்தாள். ஒன்றை அவன் பக்கம் வைத்துவிட்டு, இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அம்மாவின் நாற்காலி இல்லை. சாப்பாட்டு மேசை நாற்காலி.

"எனக்கும் கொஞ்சம் போடேன்" என்றாள். "கடைசியா படிச்சதை."

லேப்டாப்பில் முப்பத்தொன்றாம் அத்தியாயத்தைத் திறந்து, ஹெட்போனை அவளிடம் கொடுத்தான். அவளுக்கு அது பெரிதாக இருந்தது. இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவன் பழைய மெஷினின் திரையைப் பார்ப்பதுபோல அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு இடத்தில் சிரித்தாள். ஒரு இடத்தில், "தொண்டை கட்டியிருக்கு பாரு. கஷாயம் குடின்னா குடிக்க மாட்டா" என்று, காதில் மாட்டியிருந்ததால் உரக்கச் சொன்னாள். இருபத்து நாலாவது நிமிடம் வந்தது. கடந்து போயிற்று. அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. டீயில் ஆடை படிந்தது.

நாற்பத்தேழாவது நிமிடத்தில் கோடு முடிவுக்கு வந்து நின்றது. அக்கா ஹெட்போனைக் கழற்றவில்லை. ஒன்றும் கேட்காத அதை இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பழைய மெஷின் அறுபத்து மூன்று சதவீதத்தில் முனகிக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு பக்கக் காதை மட்டும் விலக்கி, "இதுல பின்னாடி போறதுக்கு எதை அமுக்கணும்?" என்று கேட்டாள்.

அவன் கையை நீட்டிக் காட்டினான்.